துருவக் கடலின் மேய்ச்சல் நிலம்

நுழையும் முன்

புல் இல்லையேல் ஆடு மாடுகள் இல்லை. கடலுக்கும் ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. அது வேரின்றி, அலைகளோடு மிதந்து வாழும் நுண்ணுயிர்களால் ஆனது. உறைபனி சூழ்ந்த துருவக் கடலிலும் அது செழிக்கிறது. எனினும், அங்குக் கரையோரத்தில் வளர்பவையும் நடுக்கடலில் வளர்பவையும் ஒரே இனத்தவை அல்ல. இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது, அதனால் எவ்வுயிர்கள் செழிக்கின்றன, எவை வாடுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பழுப்பு நிறப் பனி

1839ஆம் ஆண்டு எரிபஸ், டெரர் என்னும் இரு பாய்மரக் கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து தென்துருவம் நோக்கிப் புறப்பட்டன. ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அப்பயணத்திற்குத் தலைமை தாங்கினார். எரிபஸ் கப்பலில் உதவி மருத்துவராக ஜோசப் ஹூக்கர் என்னும் இளைஞர் இருந்தார். அவருக்கு அப்போது வயது 22. மருத்துவம் பயின்றவராயினும் அவருடைய உள்ளம் தாவரவியலிலேயே ஈடுபட்டிருந்தது.

மரம், செடி, கொடி ஏதுமில்லாத பனிக்கடலில் தாவரவியல் அறிஞர் ஒருவர் எதனை ஆராய முடியும்? ஹூக்கரின் கருத்தை ஒன்று கவர்ந்தது. வெண்ணிறமாக இருக்கவேண்டிய பனிக்கட்டிகளில் பழுப்பு நிறக் கறை படிந்திருந்தது. கடல்நீரும் சில இடங்களில் அந்நிறம் பெற்றிருந்தது. நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்தபோது, அக்கறை எண்ணிலடங்கா நுண்ணுயிர்களின் திரள் என்பது தெளிவாயிற்று. அவ்வுயிர்கள் ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் வாழ்பவை. அவற்றை டயாட்டம்கள் என்பர்.

அக்காலத்தில் நுண்ணுயிர் ஆய்வில் புகழ்பெற்று விளங்கிய ஜெர்மானிய அறிஞர் எரன்பெர்க்கு, டயாட்டம்களை நுண்விலங்குகளாகவே கருதினார். ஹூக்கரோ அவை தாவரத் தன்மை உடையவை என்றார். வேறு தாவரங்கள் அரிதாகிய அக்கடலில் விலங்குகளின் உணவுக்கு அவையே அடிப்படை என்றும் கருதினார். பிற்கால ஆய்வுகள் அவருடைய கருத்தை உறுதிப்படுத்தின.

மிதவைத் தாவரங்கள்

கடல்நீரில் மிதந்து வாழ்ந்து, கதிரவன் ஒளியால் தமக்குரிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்களைத் தாவர மிதவை உயிரிகள் என்பர். இப்பாடத்தில் அவை மிதவைத் தாவரங்கள் எனச் சுருக்கமாகக் குறிக்கப்படுகின்றன. நிலத்துச் செடிகளைப் போலவே இவையும் பச்சையம் கொண்டவை, ஒளிச்சேர்க்கை செய்பவை. உலகம் முழுவதும் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நிகழ்கிறது.

தென்துருவக் கடலில் மூன்று கூட்டத்தார் முதன்மையானவர்கள்.

முதலாவது, டயாட்டம்கள். இவற்றின் ஓடு, மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிக்காவால் ஆனது. பல டயாட்டம்கள் ஒன்றோடொன்று இணைந்து சங்கிலிபோல் வாழ்கின்றன. ஓட்டின் எடையால் இவை இறந்தபின் விரைவில் ஆழத்தில் அமிழ்கின்றன.

இரண்டாவது, பியோசிஸ்டிஸ். இதன் ஓர் உயிரணு ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் அளவே உடையது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு மைக்ரோமீட்டர் ஆகும். எனினும் இவ்வுயிரணுக்கள் பல்லாயிரம் கூடி, வழவழப்பான கூழுருண்டைக்குள் குடியிருக்கின்றன. அவ்வுருண்டைகள் கண்ணுக்குப் புலப்படும் அளவிற்கு வளர்வதுண்டு.

மூன்றாவது, கிரிப்டோபைட்டுகள். இவை பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டர் அளவிலோ அதனினும் சிறியனவாகவோ அமைந்தவை. ஓடோ உருண்டையோ இன்றித் தனித்தனியே வாழும் இவை, இரண்டு நுண்ணிழைகளால் நீந்தும் ஆற்றல் பெற்றவை.

ஒளியும் பனியும்

மிதவைத் தாவரங்களின் முதல் தேவை ஒளி. தென்துருவப் பகுதியில் ஜூன் மாதம் நடுக்குளிர்காலம். அப்போது கதிரவன் எழாத நாள்கள் தொடர்கின்றன. கடல்நீர் உறைந்துகொண்டே சென்று, செப்டம்பர் மாதத்தில் ஏறத்தாழ 1.8 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பைப் பனி மூடிவிடுகிறது. இஃது இந்திய நாட்டின் பரப்பைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலாகும். கோடையின் இறுதியான பிப்ரவரியில் அப்பனி ஏறத்தாழ 30 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்குகிறது.

குளிர்காலத்திலும் உயிர் முற்றிலும் ஒடுங்கிவிடுவதில்லை. பனிக்கட்டியின் நுண்துளைகளில் தங்கியுள்ள உப்புநீரில் டயாட்டம்கள் உயிர் தாங்குகின்றன. வசந்தத்தில் ஒளி திரும்பியதும் அவை பெருகுகின்றன. ஹூக்கர் கண்ட பழுப்புக் கறை இத்தகையதே.

கடற்பனி உருகும்போது வெளிப்படும் நீரில் உப்புக் குறைவு. ஆதலால் அது கனமான கடல்நீரின்மேல் மெல்லிய படலம்போல் தங்குகிறது. அப்படலத்தில் உள்ள மிதவைத் தாவரங்கள் ஆழத்திற்கு இழுக்கப்படாமல் ஒளிமிக்க மேற்பரப்பிலேயே நிற்கின்றன. காற்று வலிமையாக வீசும் திறந்த கடலில் நிலைமை வேறு. அங்கு மேல்நீரும் கீழ்நீரும் ஓயாமல் கலக்கின்றன. திருவிழாவில் சுழலும் இராட்டினத்தில் அமர்ந்தவர் மேலே சென்றும் கீழே இறங்கியும் வருவதுபோல், மிதவைத் தாவரங்களும் ஒளிக்கும் இருளுக்கும் இடையே சுழல்கின்றன. மேலே வரும் சிறிதுநேரமே அவற்றுக்கு ஒளி கிட்டுகிறது.

கரையோரமும் நடுக்கடலும்

இரண்டாவது தேவை ஊட்டப்பொருள். தென்துருவப் பெருங்கடலின் நடுவே நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய உரங்கள் நிறைந்துள்ளன. ஆழ்கடல் நீர் அங்கு மேலெழுந்து அவற்றைக் கொணர்கிறது. அவ்வாறிருந்தும் அக்கடலின் பெரும்பகுதியில் மிதவைத் தாவரங்கள் குறைவாகவே உள்ளன. உரமிருந்தும் பயிர் வளராத வயலைப் போன்ற இந்நிலை, அறிஞர்களை நெடுங்காலம் வியப்பில் ஆழ்த்தியது.

அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஜான் மார்ட்டின், 1990ஆம் ஆண்டையொட்டி இதற்கு விடை கூறினார். அக்கடலில் இல்லாதது இரும்பு என்பது அவருடைய கருத்து. மிதவைத் தாவரங்களுக்கு இரும்பு மிகச் சிறிதளவே தேவை. ஆயினும் அச்சிறிதளவும் இல்லையெனில் ஒளிச்சேர்க்கை தடைப்படும். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்னும் பழமொழி இங்குப் பொருந்தும். அரிசியும் பருப்பும் காயும் நிறைந்திருந்தும் ஒரு சிட்டிகை உப்பின்றிச் சமையல் சுவைக்காது. இரும்பின்றி அக்கடலும் செழிக்காது. 1999ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிற்குத் தெற்கே, தென்துருவப் பெருங்கடலில் இரும்புக் கரைசல் சேர்க்கப்பட்டபோது மிதவைத் தாவரங்கள் பெருகின. மார்ட்டின் அதனைக் காண உயிரோடு இல்லை. அவர் 1993இல் மறைந்தார்.

இரும்பு பெரும்பாலும் நிலத்திலிருந்து வருவது. பாறைத்தூள் சுமந்த பனியாறுகளும், கரையோரக் கடலடிச் சேறும், உருகும் கடற்பனியும் அதனைக் கரையோர நீருக்கு அளிக்கின்றன. எனவே, கரையோரத்தில் பெரிய டயாட்டம்கள் கோடைக்காலத்தில் பெருந்திரளாய்ப் பெருகுகின்றன. நடுக்கடலுக்கு அவ்வாய்ப்பு அரிது. அங்குச் சிற்றுயிர்களே மிகுதி; அவற்றோடு தடித்த ஓடுடைய சில டயாட்டம்களும் வாழ்கின்றன. நடுக்கடலிலும் தீவு ஒன்று அமைந்தால் நிலைமை மாறும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள கெர்கலென் தீவை ஒட்டிய மேட்டுப்பகுதியிலிருந்து இரும்பு கலப்பதால், அதனைச் சூழ்ந்த நீர் ஆண்டுதோறும் பசுமை பெறுகிறது.

கரையோரம் முழுவதும் ஒரே தன்மையது என்றும் கருதலாகாது. ஹூக்கரின் கப்பல் தலைவர் பெயரால் வழங்கும் ராஸ் கடலே இதற்குச் சான்று. அங்கு நீர் ஆழமாகக் கலக்கும் பகுதிகளில் வசந்தத்தில் பியோசிஸ்டிஸ் பெருகுகிறது. குறைந்த ஒளியிலும் வாழும் திறன் அதற்கு உண்டு. மேற்கே டெர்ரா நோவா விரிகுடாவில் உருகுநீர்ப் படலம் நிலைத்து நிற்கும். அங்கு டயாட்டம்கள் மேலோங்குகின்றன. ஒரே கடல், ஒரே கோடை. நீர் கலக்கும் ஆழம் மாறியதால் அதில் வாழும் கூட்டமும் மாறிற்று.

எதனை உண்பது?

மிதவைத் தாவரங்களின் அளவை மட்டும் கணக்கிட்டால் போதாது. அவற்றின் வகையும் அறியப்படல் வேண்டும். அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரை இதனை உணர்த்துகிறது.

அக்கடலில் கிரில் என்னும் இறால் போன்ற உயிரி கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. முழு வளர்ச்சி பெற்ற கிரில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நீளம் உடையது. முன்கால்களைக் கூடைபோல் குவித்து, நீரை வடித்து, மிதவைத் தாவரங்களை உண்கிறது. திமிங்கிலம், சீல், பென்குயின் ஆகியவை கிரிலை உண்டு வாழ்கின்றன. டயாட்டம்கள் கிரிலின் கூடையில் எளிதில் சிக்கும். 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய கிரிப்டோபைட்டுகளோ, பெருங்கண் சல்லடையில் இட்ட மாவுபோல் பெரும்பாலும் நழுவிவிடும்.

கிரிப்டோபைட்டுகளை உண்ண வல்ல உயிரி ஒன்று உண்டு. அது சால்ப் எனப்படும். பீப்பாய் வடிவும் கண்ணாடிபோன்ற உடலும் கொண்ட அது, கோழையாலான நுண்வலை கொண்டு மிகச் சிறியவற்றையும் வடித்து உண்கிறது. அதன் உடல் பெரும்பாலும் நீரே. பென்குயின்களுக்கு அது கிரிலுக்கு ஈடான உணவாகாது.

இக்கரையில் உள்ள பால்மர் ஆய்வு நிலையத்தில் 1990 முதல் அறிவியலறிஞர்கள் நீண்டகால ஆய்வு நடத்தி வருகின்றனர். பனியாற்று உருகுநீர் மிகுந்து உப்புக் குறைந்த இடங்களில் டயாட்டம்களுக்கு மாற்றாகக் கிரிப்டோபைட்டுகள் மேலோங்குவதை அவர்கள் கண்டனர். கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் உலகில் மிக விரைவாக வெப்பமடைந்த பகுதிகளுள் இத்தீபகற்பமும் ஒன்று. அதன் வடபகுதியில் கடற்பனி குறைய, மிதவைத் தாவரங்களும் குறைந்தன. தென்பகுதியில் முன்பு பனி மூடியிருந்த நீர் திறந்துகொள்ள, அவை கூடின.

பால்மர் நிலையத்தின் அருகே 1970களில் ஏறத்தாழ 15,000 இணை அடேலி பென்குயின்கள் கூடு கட்டின. பின்னர் அவற்றின் எண்ணிக்கை 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. கடற்பனிக் குறைவு, கூடுகட்டும் காலத்துப் பனிப்பொழிவு, உணவு மாற்றம் எனக் காரணங்கள் பலவாகும். மிதவைத் தாவரங்களில் நேர்ந்த மாற்றத்தையும் அவற்றோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

இந்தியாவும் துருவக் கடலும்

இந்தியாவின் முதல் அண்டார்க்டிக் பயணக்குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டது. அதன் தலைவர் சையத் ஜகூர் காசிம் ஒரு கடல் உயிரியல் அறிஞர். இன்று மைத்ரி, பாரதி என்னும் இரு இந்திய நிலையங்கள் அங்குச் செயல்படுகின்றன. அவற்றுள் பாரதி, பிரிட்ஸ் விரிகுடாவை ஒட்டிய கடற்கரையில் அமைந்தது.

2009ஆம் ஆண்டு கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் இணைந்து ஓர் ஆய்வை நடத்தின. அதன் பெயர் லோஹாஃபெக்ஸ். 'லோஹா' என்பது இரும்பைக் குறிக்கும் இந்திச் சொல். வாஜி நக்வி, விக்டர் ஸ்மெட்டாசெக் ஆகிய இருவரும் அதற்குத் தலைமை தாங்கினர். போலார்ஸ்டெர்ன் என்னும் கப்பலில் சென்ற ஆய்வாளர்கள், தென் அட்லாண்டிக் பகுதியில் ஒரு நீர்ச்சுழலைத் தேர்ந்தெடுத்து, அதனுள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புக் கரைசலைக் கலந்தனர். கடலில் இவ்வாறு உரமிடுதல் தகுமா என்னும் கேள்வி அப்போது எழுந்தது. ஜெர்மனி அரசு ஆய்வைச் சிறிதுகாலம் நிறுத்திவைத்து, ஆராய்ந்த பின்னரே இசைவு அளித்தது.

மிதவைத் தாவரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தம்முள் ஈர்க்கின்றன. அவை இறந்து ஆழ்கடலில் அமிழ்ந்தால், அக்கரிமமும் நெடுங்காலம் அங்கே தங்கும். 2004இல் நடைபெற்ற ஐஃபெக்ஸ் என்னும் ஆய்வில் டயாட்டம்கள் பெருகி, அவற்றில் பெரும்பகுதி ஆழத்தில் அமிழ்ந்தது. லோஹாஃபெக்ஸ் ஆய்வின் முடிவு வேறாயிற்று. அந்நீரில் ஓடு அமைக்கத் தேவையான சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஆதலால் டயாட்டம்கள் வளரவில்லை. இரும்பால் பெருகிய பிற சிற்றுயிர்களைக் கோபிபாடு என்னும் சிறு விலங்குகள் விரைவில் உண்டன. ஆழத்திற்குச் சென்ற கரிமம் மிகக் குறைவே. இரும்பு ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பதை அவ்வாய்வு உணர்த்தியது. எக்கூட்டம் வளர்கிறது என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது.

வடதுருவத்தின் நிலை

தென்துருவம் கடல் சூழ்ந்த நிலம். வடதுருவம் நிலம் சூழ்ந்த கடல். ஓப், யெனிசெய், லீனா, மெக்கன்சி ஆகிய பேராறுகள் ஆர்க்டிக் பெருங்கடலில் நன்னீரையும் வண்டலையும் சேர்க்கின்றன. ஆதலின் அங்குப் பொதுவாக இரும்புப் பஞ்சம் இல்லை. கோடையில் நைட்ரேட்டே முதலில் தீர்கிறது. கனடாவை ஒட்டிய ஆழ்கடற்பகுதியில் உப்புக் குறைந்த மேற்படலம் வலுப்பெற்றபோது, கீழிருந்து நைட்ரேட் வருவது குறைந்தது. 2004 முதல் 2008 வரை நடந்த ஆய்வில், அங்கு மிகச் சிறிய பாசிகள் கூடுவதும் சற்றுப் பெரியவை குறைவதும் பதிவாயின.

அறியும் வழிகள்

இந்தியா 1999இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஓஷன்சாட்-1 போன்ற செயற்கைக்கோள்கள், கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தின் அளவைக் கணிக்கின்றன. பரந்த கடலை ஒரே பார்வையில் காண இஃது உதவும். எனினும் மேகத்தையும் பனியையும் ஊடுருவி அவற்றால் காண இயலாது. பச்சையம் எவ்வுயிரிக்கு உரியது என்பதையும் எளிதில் பிரித்தறிய இயலாது. அதற்கு ஆய்வாளர்கள் கப்பலில் சென்று, நீரை மொண்டு, வடிகட்டி, அதிலுள்ள நிறமிகளைப் பிரித்து ஆராய்கின்றனர். டயாட்டம்களுக்குப் பழுப்பு நிறம் தரும் நிறமி வேறு. கிரிப்டோபைட்டுகளுக்கே உரிய நிறமி வேறு. ஹூக்கர் காலத்தைப் போலவே நுண்ணோக்கியும் இன்றுவரை பயன்படுகிறது. பனியில் படிந்த கறையை அழுக்கென ஒதுக்காமல் அவர் ஆராய்ந்ததுபோல், இன்றைய ஆய்வாளர்களும் ஒவ்வொரு துளியிலும் வாழ்பவை எவை எனக் கணக்கெடுத்து வருகின்றனர்.

சொற்பொருள்

திரள் – கூட்டம்
கரிமம் – உயிர்ப்பொருள்களில் உள்ள அடிப்படைத் தனிமம், கார்பன்
நுண்ணோக்கி – மிகச் சிறியவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
அமிழ்தல் – மூழ்குதல்
படலம் – மெல்லிய அடுக்கு
தீபகற்பம் – மூன்று பக்கம் நீர் சூழ்ந்த நிலம்
விரிகுடா – நிலத்தினுள் வளைந்து புகுந்த கடற்பகுதி
வண்டல் – ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மண்
நிறமி – நிறம் தரும் பொருள்
மொண்டு – முகந்து, எடுத்து

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. டயாட்டம்களின் ஓடு ______ ஆனது.
(க) இரும்பால் (ச) சிலிக்காவால் (ட) உப்பால்

2. தென்துருவப் பெருங்கடலின் நடுவே அரிதாகக் கிடைப்பது ______.
(க) நைட்ரேட் (ச) பாஸ்பேட் (ட) இரும்பு

3. கிரிப்டோபைட்டுகளை எளிதில் வடித்து உண்ணும் உயிரி ______.
(க) சால்ப் (ச) கிரில் (ட) பென்குயின்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பனியில் ஹூக்கர் கண்ட பழுப்பு நிறக் கறை யாது?
2. கடற்பனி உருகிய நீர் மேற்பரப்பில் தங்குவது ஏன்?
3. 'லோஹாஃபெக்ஸ்' என்னும் பெயரில் உள்ள இந்திச் சொல் எது? அதன் பொருள் யாது?

இ. ஐந்து தொடர்களுக்கு மிகாமல் விடை எழுதுக.

1. கரையோர நீரில் டயாட்டம்கள் மிகுதியாக வளர்வதற்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்னும் பழமொழி இப்பாடத்தில் எவ்வாறு பொருந்துகிறது?
3. ஐஃபெக்ஸ், லோஹாஃபெக்ஸ் ஆகிய இரு ஆய்வுகளின் முடிவுகள் வேறுபட்டது ஏன்?

ஈ. விரிவான விடை எழுதுக.

'மிதவைத் தாவரங்களின் அளவோடு வகையையும் அறிதல் வேண்டும்.' இக்கூற்றை அண்டார்க்டிக் தீபகற்பத்தின் நிலையைக் கொண்டு விளக்குக.

உ. மொழிப்பயிற்சி

1. எடுத்துக்காட்டில் உள்ளவாறு பிரித்து எழுதுக.
எடுத்துக்காட்டு: கடற்பரப்பு = கடல் + பரப்பு
கடற்பனி, பனிக்கட்டி, அக்கடல், வெண்ணிறம், உப்புநீர்

2. ஆழி, பரவை, முந்நீர், புணரி ஆகியவை கடலைக் குறிக்கும் தமிழ்ச்சொற்கள். இவற்றுள் இரண்டைப் பயன்படுத்திச் சொந்தத் தொடர்கள் அமைக்க.

3. பாடத்தில் பயின்று வரும் 'கூட்டங்கூட்டமாக' போன்ற அடுக்கி வரும் சொற்கள் மூன்றினை எழுதித் தொடரில் அமைக்க.

ஊ. செயல்பாடு

1. குளத்திலும் கிணற்றிலும் படரும் பாசியைச் சொந்த ஊரில் எவ்வெப் பெயர்களால் அழைப்பர் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. இரும்பு, கடல், பனி, உப்பு ஆகிய சொற்களுக்கு, வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பட்டியல் அமைக்க.

3. 'கடலில் இரும்பு கலந்து உரமிடலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து தமிழில் கலந்துரையாடுக.